ஒரே சட்டியில் பன்றி ரோஸ்ட்டும் நம்மூர்க் கிழங்குகளும்

குமரி மாவட்டத்தில், குறிப்பாகக் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில், பன்றி இறைச்சி என்றதும் பெரும்பாலான வீடுகளில் நினைவுக்கு வருவது ஒரே செய்முறைதான். இறைச்சியைச் சிறு துண்டுகளாக வெட்டி, மஞ்சளும் நல்லமிளகும் மல்லியும் சேர்த்து வேகவைத்து, தேங்காய்க்கொத்தும் கறிவேப்பிலையும் போட்டு, தண்ணீர் முழுவதும் வற்றி அதன் நெய்யிலேயே அது பொரியும்வரை கிளறி எடுப்பார்கள். அந்த வறுவலைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதே இறைச்சியை வெட்டாமல் முழுத் துண்டாக ஓவனில் வைத்து, சுற்றிலும் காய்களையும் கிழங்குகளையும் நிரப்பி, ஒரே சட்டியில் ஒரு முழு விருந்தாகச் சமைக்கும் முறையும் நம் சமையலறைகளில் இடம்பெற வேண்டும் என்பது என் விருப்பம். அதற்குக் காரணம் இறைச்சி அல்ல, நம் சந்தைகளில் கிடைக்கும் கிழங்குகள். பன்றியின் உருகிய நெய்யில் மெதுவாக வெந்து பொன்னிறமாகும் சிறுகிழங்கைச் சாப்பிட்டவர்கள் அதன்பின் உருளைக்கிழங்கைத் தேட மாட்டார்கள்.

இந்த உணவின் மூலம் இங்கிலாந்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்குப் போகுமுன் இறைச்சியை அடுப்பில் ஏற்றிவிட்டு, திரும்பி வந்ததும் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே பழைய வழக்கம். ஞாயிறு காலையில் வீடே கோவிலுக்குப் புறப்படும் நம் ஊர்களுக்கும் இந்த ஒழுங்கு மிகவும் பொருந்துகிறது. அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். நின்று கிளற வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் அன்று அதிகாலை ஆராதனை முடிந்து வந்து படுத்து எழுந்தபின்னும்கூட, மதிய விருந்துக்கு இதைத் தொடங்க நேரம் இருக்கும்.

ஒரே சட்டிச் சமையல் என்றால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வேகவைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதில் சட்டி ஒன்று, நேரம் பல. இரண்டரை மணி நேரம் வேண்டிய இறைச்சியும் அரை மணி நேரத்தில் வெந்துவிடும் ஏத்தங்காயும் (நேந்திரங்காய்) ஒரே நேரத்தில் உள்ளே போனால், ஒன்று வேகாமலோ மற்றது கூழாகவோதான் முடியும். எந்தக் காய் எப்போது சட்டிக்குள் இறங்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதில்தான் இந்தச் சமையலின் முழுத் திறமையும் அடங்கியிருக்கிறது. ஆகவே அந்த வரிசையைத்தான் விரிவாக எழுதப் போகிறேன்.

முதலில் இறைச்சி வாங்கும் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்மூர் இறைச்சிக் கடைகளில் எடை போட்டதும் கத்தி தானாகவே துண்டு போடத் தொடங்கிவிடும். "துண்டு போட்டுரட்டா?" என்று கேட்கும்போதே, "வேண்டாம் அண்ணே, முழுசாட்டே தாங்க, தோலும் இருக்கட்டு" என்று சொல்லிவிட வேண்டும். கேட்க வேண்டிய பகுதி, முன்னங்காலின் மேற்புறம் இருக்கும் சப்பை. முதுகுக்கறி பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும் அதில் கொழுப்பு குறைவு, அதனால் சற்றே கூடுதலாக வெந்தாலும் வறண்டுவிடும். சப்பையில் தசைகளுக்கு இடையே கொழுப்பும் இணைப்புத் திசுவும் நிறைந்திருக்கும். அந்தத் திசுவில் உள்ள கொலாஜன் என்ற புரதம் நீண்ட நேரச் சூட்டில் ஜெலட்டினாக மாறி, இறைச்சியை மிருதுவாகவும் ஈரமாகவும் வைத்திருக்கிறது. ஆறு பேருக்கு ஒன்றரைக் கிலோ போதும். தோலுக்குக் கீழே ஒரு விரல் தடிமனுக்குக் கொழுப்பு இருக்கும் துண்டாகப் பார்த்து எடுங்கள், அந்தக் கொழுப்புதான் கிழங்குகளுக்கு வேண்டிய எண்ணெய். தனியாக எண்ணெய் எதுவும் ஊற்றப் போவதில்லை.

இறைச்சியை முந்தின நாளே தயார் செய்ய வேண்டும். தோலின் மேல் கூர்மையான கத்தியால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் நீளமாகக் கீறிவிடுங்கள். கீறல் கொழுப்புவரை மட்டும் இறங்க வேண்டும், சதையைத் தொடக்கூடாது. தொட்டால் சதையின் சாறு மேலே பொங்கி வந்து தோலை நனைத்துவிடும். நனைந்த தோல் ஒருபோதும் மொறுமொறுப்பாகாது. பிறகு ஒரு கிலோவுக்கு 15 கிராம் என்ற கணக்கில் பொடித்த கல்லுப்பை எடுத்து, தோலிலும் சதையிலும் நன்றாகத் தேய்க்க வேண்டும். மசாலாவைச் சதைப்பகுதியில் மட்டுமே பூச வேண்டும். தோலின் மேல் பூசினால் ஆரம்பத்தில் கொடுக்கும் கடும் சூட்டில் மிளகும் பூண்டும் கருகிக் கசக்கும். இரண்டு தேக்கரண்டி நல்லமிளகு, ஒரு தேக்கரண்டி பெருஞ்சீரகம், பத்துப் பல் பூண்டு, ஒரு விரல் நீள இஞ்சி, சிறிது மஞ்சள், ஒரு மேசைக்கரண்டி வினிகர், நான்கு கிராம்பு ஆகியவற்றைக் கரகரப்பாக அரைத்தால் மசாலா தயார்.

கிராம்பு நான்குக்கு மேல் வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். நம் மலைத்தோட்டங்களில் விளையும் கன்னியாகுமரி கிராம்பு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அதன் மணத்துக்குக் காரணமான யூஜினால் என்ற எண்ணெய் நாக்கை மரத்துப்போகச் செய்யும் தன்மை உடையது. பல்வலிக்குக் கிராம்பு வைப்பதும் அதனால்தான். அளவு கூடினால் இறைச்சியின் சுவையே நாக்குக்குத் தெரியாமல் போய்விடும்.

மசாலா பூசிய துண்டைத் தோல் மேலே இருக்கும்படி ஒரு தட்டில் வைத்து, மூடாமல் குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். கடற்கரை மாவட்டமான நம் ஊரின் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும், கார்த்திகை மார்கழி மழையில் சொல்லவே வேண்டாம். வெளியே வைத்தால் தோல் காயாது, இறைச்சியும் கெட்டுப்போகும். குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் வறண்ட காற்றுதான் தோலில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காலையில் தொட்டுப் பார்த்தால் காகிதம்போலச் சரசரக்க வேண்டும்.

அன்னாசியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. குலசேகரம் பக்கத்தில் ரப்பர் கன்றுகளுக்கு இடையே அன்னாசி பயிரிடுவார்கள், ஆகவே அது நமக்கு எளிதாகக் கிடைக்கும் பழம். பன்றியோடு அதன் புளிப்பும் இனிப்பும் அருமையாகச் சேரும். ஆனால் பச்சை அன்னாசிச் சாற்றை மசாலாவில் கலந்து இரவு முழுவதும் ஊறவிடக் கூடாது. அதில் உள்ள புரோமலின் என்ற நொதி புரதத்தைச் சிதைக்கும், காலையில் சதையின் மேற்பரப்பு மாவுபோலக் குழைந்திருக்கும். அன்னாசி வேண்டுமென்றால் கடைசி அரை மணி நேரத்தில் துண்டுகளாகச் சட்டியில் சேருங்கள், சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும்.

இனிக் கிழங்குகளுக்கு வருகிறேன். வடசேரி கனகமூலம் சந்தையிலோ, மார்த்தாண்டம் சந்தையிலோ, கருங்கல், திங்கள்சந்தை போன்ற ஊர்களிலோ மார்கழி மாதத்தில் போய் நின்றால், சேனை, காச்சில், சேம்பு, சீனிக்கிழங்கு (சர்க்கரைவள்ளி), சிறுகிழங்கு, மரச்சீனி (மரவள்ளி) என்று மண்ணுக்குள் விளைவதெல்லாம் குவிந்து கிடக்கும். இவற்றில் ரோஸ்டுக்கு எல்லாமே ஒரே மாதிரி ஒத்துவராது.

என் முதல் தேர்வு சிறுகிழங்கு. மார்கழியிலும் தையிலும் மட்டுமே தாராளமாகக் கிடைப்பதால் கிறிஸ்துமஸ் விருந்துக்கும் பொங்கலுக்கும் சரியாக வந்து சேரும். சணல் சாக்கில் போட்டு நன்றாகத் தேய்த்து அலசினால் மண்ணும் தோலும் ஒருசேரக் கழன்றுவிடும், மிச்சத்தைக் கத்தியால் சுரண்டினால் போதும். அதை வெட்டாமல் முழுதாகவே சட்டியில் இடலாம். உள்ளே மாவாகவும் வெளியே மெல்லிய மொறுமொறுப்போடும் வரும், அதற்கே உரிய மண்வாசனையும் போகாது. ஒரு மணி நேரம் அதற்கு வேண்டும்.

சீனிக்கிழங்கைத் தோலோடு பெரிய துண்டுகளாக வெட்ட வேண்டும், அதற்கு முக்கால் மணி நேரம். மெதுவாகச் சூடேறும்போது அந்தக் கிழங்கில் உள்ள நொதி மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுகிறது. வெந்நீரில் சட்டென்று வேகவைத்ததைவிடச் சுட்ட கிழங்கு அதிகமாக இனிப்பதற்கு இதுவே காரணம். பன்றி இறைச்சியின் உப்புக்கும் கொழுப்புக்கும் இந்த இனிப்பு நல்ல துணை.

சேனையைச் சேர்ப்பதாக இருந்தால் மூன்று சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி, மஞ்சளும் புளியும் கரைத்த தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்த பிறகே சட்டியில் இட வேண்டும். அதில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் தொண்டையில் அரிப்பை உண்டாக்குபவை. பழைய சேனையில் அரிப்பு குறைவு, ஆகவே வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். சேம்புக்கும் இதே கவனம் தேவை. ஆனால் அதன் வழவழப்பு சட்டியில் ஒட்டிக்கொள்வதால் நான் அதைச் சேர்ப்பதில்லை.

மரச்சீனி இல்லாமல் குமரி மாவட்டத்தில் விருந்தைப் பற்றிப் பேச முடியாது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைப் பயிரிட மக்களை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலிருந்து அரிசி வரத்து நின்றுபோனபோது, அன்று திருவிதாங்கூரில் இருந்த நம் முன்னோர்களின் பசியைப் போக்கியதும் இதுதான். ஆயினும் ஒரு எச்சரிக்கையோடுதான் இதை ரோஸ்டில் சேர்க்க வேண்டும். மரச்சீனியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது, கிழங்கு வெட்டுப்படும்போது அது சிதைந்து சயனைடை வெளியிடும். நம் வீடுகளில் கிழங்கைத் துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுவது இந்த நஞ்சை நீக்கும் வழி. பச்சைக் கிழங்கை நேராக ஓவனில் வைத்தால் இந்த வடிப்பு நடக்காது. எனவே துண்டாக்கி, உப்பிட்ட தண்ணீரில் நன்றாக வேகவைத்து வடித்து, ஆவி போக ஆறவிட்டு, அதன்பின் கடைசி அரை மணி நேரத்தில் சட்டியில் சேர்த்தால், விளிம்புகள் உதிர்ந்து நெய்யை உறிஞ்சிச் சிவந்து வரும். ஒருவேளை அன்றைய விருந்தில் அதுவே முதலில் காலியாகும்.

பாதி பழுத்த ஏத்தங்காயைத் தோல் நீக்கி நான்கு விரல் நீளத் துண்டுகளாக வெட்டி அரை மணி நேரத்துக்கு வைக்கலாம். நன்றாகப் பழுத்தது குழைந்துவிடும், முற்றிலும் காயாக இருந்தால் வறண்டு நாக்கில் ஒட்டும். கேரட் வேண்டுமென்பவர்கள் சீனிக்கிழங்கோடு சேர்த்து இடலாம். கத்தரிக்காய் இருக்கிற நெய்யையெல்லாம் தானே குடித்துவிடும். வெண்டையும் முருங்கையும் இந்தச் சட்டிக்கு உரியவை அல்ல.

இப்போது சமையல். அகலமான வார்ப்பிரும்புச் சட்டியோ, ஓரம் உயர்ந்த கனமான ஓவன் தட்டோ எடுத்து, அடியில் தோலுரித்த உள்ளி (சின்ன வெங்காயம்) கால் கிலோவைப் பரப்புங்கள். அதன்மேல் இறைச்சியைத் தோல் மேல்நோக்கி இருக்குமாறு வைத்து, தோலில் படாமல் ஓரமாக ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்ற வேண்டும். இந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் முதலில் வடியும் சாறு அடியில் கருகிவிடும். ஓவனை முன்கூட்டியே 220 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அரை மணி நேரம் அந்தச் சூட்டில் விடுங்கள். தோல் கொப்புளம் கொப்புளமாகப் பொரியத் தொடங்கும். பிறகு சூட்டை 160 டிகிரிக்குக் குறைத்து, இரண்டு மணி நேரம் விட வேண்டும்.

அந்த இரண்டு மணி நேரத்தின் முதல் பாதியில் இறைச்சி மட்டுமே சட்டியில் இருக்கும். பாதி கழிந்ததும் சட்டியை வெளியே எடுத்தால், உள்ளி கரைந்து, அதன்மேல் தெளிந்த நெய் நிற்கும். மிகுதியான நெய்யைக் கரண்டியால் எடுத்துத் தனியே ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு, கிழங்குகளில் படுமளவு மட்டும் விடுங்கள். சிறுகிழங்கும் சேனையும் இப்போது இறங்க வேண்டும். கால் மணி கழித்துச் சீனிக்கிழங்கு, மேலும் கால் மணி கழித்து ஏத்தங்காயும் மரச்சீனியும். ஒவ்வொரு முறையும் உப்புத் தூவி, நெய்யில் ஒரு புரட்டுப் புரட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். காய்களின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, பொன்னிறமும் ரோஸ்டின் மணமும் சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் உருவாகும். நெருக்கமாகக் குவித்தால் ஒன்றின் ஆவியில் மற்றொன்று வேகும், சிவக்காது. சட்டி சிறியதாக இருந்தால் கிழங்கைக் குறையுங்கள்.

இறைச்சி வெந்துவிட்டதா என்பதைக் குத்துத் தெர்மாமீட்டரால் எலும்பில் படாமல் நடுப்பகுதியில் அளந்து பார்ப்பதே சரி. முழுத் துண்டுப் பன்றி இறைச்சிக்கு 63 டிகிரியும் அதன்பின் மூன்று நிமிட ஓய்வும் போதுமென்று அமெரிக்க வேளாண்துறை 2011இல் அறிவித்தது. ஆனால் அந்தச் சூட்டில் சப்பை ரப்பர்போல இழுக்கும், கொலாஜன் உருகியிருக்காது. 85 முதல் 90 டிகிரிவரை போனால்தான் கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். நாடாப்புழு பற்றிய அச்சத்தால் பன்றியை நன்றாக வேகவைக்க வேண்டும் என்று நம் வீடுகளில் வற்புறுத்துவார்கள். அந்த வற்புறுத்தல் நியாயமானது, இந்தச் செய்முறையில் அது முழுமையாக நிறைவேறுகிறது. தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் ஒரு முள்கரண்டியைக் குத்தித் திருகிப் பாருங்கள், தடையின்றித் திரும்பினால் வெந்துவிட்டது.

வெந்த இறைச்சியை ஒரு பலகைக்கு மாற்றி, மூடாமல் இருபது நிமிடம் ஆறவிட வேண்டும். மூடினால் தன் ஆவியிலேயே தோல் நனைந்துவிடும். இந்த இருபது நிமிடமும் கிழங்குகளுக்கு உரியது. ஓவனை மறுபடியும் 220 டிகிரிக்கு உயர்த்தி, சட்டியை உள்ளே தள்ளினால், இதுவரை நெய்யில் ஊறிய கிழங்குகள் எல்லாம் விளிம்புகளில் சிவந்து மொறுமொறுக்கும். இனிப்பு பிடிக்குமென்றால் கருப்பட்டியைச் சிறிது தண்ணீரில் காய்ச்சி வடிகட்டி, கடைசி ஐந்து நிமிடத்தில் சீனிக்கிழங்கின்மேல் மட்டும் தடவலாம், அதற்கு முன்னால் தடவினால் கருகும்.

ஓவன் இல்லாத வீடுகளுக்கும் வழி உண்டு. கனமான உருளியிலோ இரும்புச் சட்டியிலோ அதே வரிசையில் வைத்து, தட்டையான கனத்த மூடியால் மூடி, கீழே மெல்லிய தீயும் மூடியின்மேல் சிரட்டைத் தணலும் இட்டால் இருபுறமும் சூடு கிடைக்கும். தோல் மட்டும் இதில் சரியாகப் பொரியாது. அதைத் தனியே உரித்தெடுத்து, கீறி, வறுசட்டியில் அழுத்திப் பொரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கிழங்குகளை எடுத்தபின் சட்டியைக் கழுவப் போட்டுவிடாதீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படிவில்தான் சுவையின் சாரம் இருக்கிறது. நெய்யை வழித்தெடுத்துவிட்டு, சட்டியை அடுப்பில் ஏற்றி, அரைத் தம்ளர் வெந்நீர் ஊற்றி, மரக்கரண்டியால் சுரண்டிக் கொதிக்கவிட்டு, சிறிது புளிக்கரைசலும் நல்லமிளகும் சேர்த்தால், கரைந்த உள்ளியோடு சேர்ந்து கெட்டியான குழம்பு கிடைக்கும். இதில் தேங்காய் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நம் கை தானாகவே தேங்காயைத் தேடும், ஆனால் ஏற்கெனவே நெய்ப்பற்று நிறைந்த உணவில் தேங்காய்ப்பால் மேலும் ஒரு கனத்தைத்தான் கூட்டும். இங்கே வேண்டியது அதை அறுக்கும் புளிப்பும் காரமும். மரச்சீனிக்கு அரைக்கும் அதே காந்தாரித் துவையல், அதாவது காந்தாரி மிளகாயும் உள்ளியும் உப்பும் சேர்த்து நசுக்கியது, இந்த இறைச்சிக்கு மிகப் பொருத்தமானது.

தோலை முதலில் தனியாகப் பிரித்து, கீறிய கோடுகளின் வழியே உடைத்து ஒரு தட்டில் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குள் சண்டை வரும். இறைச்சியைச் சதை நரம்புகளுக்குக் குறுக்கே தடிமனாக அரிந்து, கிழங்குகளின் நடுவே அடுக்கி, குழம்பைத் தனியாகப் பரிமாறுங்கள். சோறு தேவைப்படாது.

கிண்ணத்தில் எடுத்துவைத்த நெய்யை ஆறியதும் துணியில் வடிகட்டிக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பல வாரங்களுக்குக் கெடாது. மறுநாள் மிஞ்சிய இறைச்சியை உதிர்த்து, அந்த நெய்யில் ஒரு கரண்டி விட்டு, தேங்காய்க்கொத்தும் கறிவேப்பிலையும் தாளித்து, நல்லமிளகு தட்டிப் போட்டு வறட்டினால், காலைப் பழையகஞ்சிக்கு வறுவலும் ஆகிவிடும்.